ஆறு மணி என்றால் ஆறு மணி

(நம் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், "குழந்தை பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்குச் சம்பள உச்சவரம்பு" என்ற தீர்மானத்தின் மீது 'பி' பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

கிளப் ஹவுஸில் ஏ.சி. வேலை செய்யாத இந்த மாலையிலும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள்.

தீர்மானத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். குழந்தையை முழுநாள் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் யாரும் கொடுக்கக்கூடாது. ஒரு வீட்டில் வேலை பார்ப்பவரை இன்னொரு வீட்டார் கூடுதல் சம்பளம் சொல்லி அழைத்துக்கொள்ளக்கூடாது. இதுதான் சாராம்சம். நான் இதை எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தீர்மானம் பிறந்ததற்கே நான்தான் காரணம். "எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தவரை 'சி' பிளாக்கில் ஆசை காட்டி இழுத்துக்கொண்டார்கள். இதைக் கேட்க அசோசியேஷனில் ஆள் இல்லையா?" என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அன்று இரவு பதினொரு மணி வரை சண்டை நடந்தது. அந்தச் செய்தியை எழுதியவள் நான்.

எழுதியது தவறு. 'சி' பிளாக் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது சபையிலும் கேட்டுக்கொள்கிறேன். ஏன் தவறு என்பதைச் சொன்னால், இந்தத் தீர்மானம் ஏன் வேண்டாம் என்பதும் விளங்கும்.

என் மகன், மருமகள் இருவருக்கும் ஓ.எம்.ஆரில் வேலை. பேரனுக்கு இரண்டரை வயது. எனக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆனதால் ஓடுகிற பிள்ளையை என்னால் பிடிக்க முடியாது. அதனால் பெரும்பாக்கத்திலிருந்து ஒருவரை வைத்தோம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை வேலை, ஞாயிறு விடுமுறை, சம்பளம் 14,000 ரூபாய் என்று பேச்சு. நல்ல மனுஷி. பேரன் அவரை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள், "அடுத்த மாசத்துலேர்ந்து வரலம்மா" என்றார். ஏன் என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து 'சி' பிளாக் லிஃப்டில் வேறொரு குழந்தையோடு நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. செய்தியைத் தட்டிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் பூங்காவில் அவரைப் பார்த்தபோது, மனசு கேட்காமல், "எவ்வளவு கூடக் கொடுக்கிறாங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அங்கயும் அதே பதினாலாயிரம்தாம்மா. ஆனா ஆறு மணின்னா ஆறு மணிக்கு விட்டுடறாங்க. எம் பொண்ணு ட்யூஷன் முடிஞ்சு ஆறரைக்கு வந்துருவா. பதினோரு வயசுப் பொண்ணு, சாவி குடுத்துத் தனியா உள்ள விட பயமா இருக்கு. நான் வர்ற வரைக்கும் படிக்கட்டுலயே பையோட உக்காந்திருப்பா."

எனக்குப் பேச்சு வரவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம்மா, இதோ வந்துட்டாங்க" என்று தினமும் மாலையில் அவரிடம் சொன்ன வாய் இதுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

முப்பத்தைந்து வருடம் வங்கியில் வேலை பார்த்தவள் நான். மாலையில் கணக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டோம். அன்று வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நம் கேட்டில் உள்ளே வரும் நேரமும் வெளியே போகும் நேரமும் பதிவாகிறதல்லவா? மருமகளின் போனில் பழைய பதிவுகள் இருந்தன. ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக் கூட்டினேன்.

பேசிய வேலை நேரம், ஒரு நாளைக்கு 9 மணி, மாதத்துக்கு 26 நாள். மொத்தம் 234 மணி நேரம். 14,000-ஐ 234-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 60 ரூபாய். ஆனால் அந்த மாதத்தில் சோழிங்கநல்லூர் டிராஃபிக், கடைசி நேர மீட்டிங், வரும் வழியில் காய்கறி என்று மாலை ஆறுக்கு மேல் அவர் இருந்தது 23 மணி நேரம். விசேஷம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டோம், நாளைக்கு 4 மணி நேரம். ஆக 31 மணி நேரம் கூடுதல். இதற்கு நாங்கள் கொடுத்தது ஒரு பைசா இல்லை. இரண்டாவது ஞாயிறு ஒரு டப்பா கேசரி கொடுத்தோம்.

உண்மையில் அவர் வேலை பார்த்தது 265 மணி நேரம். அதே 14,000-ஐ 265-ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 53 ரூபாய்கூட வரவில்லை. சம்பளத்தைக் குறைக்கிறோம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் குறைத்துவிட்டோம்.

இன்னொன்றும் நோட்டில் இருந்தது. அதே வருடம் பெண்ணின் பள்ளிச் சேர்க்கைக்காக அவர் இரண்டு நாள் லீவு எடுத்தார். 14,000-ஐ 26-ஆல் வகுத்து, இரண்டால் பெருக்கி, 1,077 ரூபாய் பிடித்துக்கொண்டோம். ரூபாய் பிசகவில்லை. பிடிக்கும்போது தெரிந்த கணக்கு, கொடுக்கும்போது மட்டும் எப்படி மறந்துபோனது? என் வீட்டில் மட்டும்தான் இப்படி என்றால் சந்தோஷம். இங்கே சிலர் தலையைக் குனிவதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வங்கியில் நான் கிளார்க்காக இருந்த நாளில், அரையாண்டுக் கணக்கு முடிக்கும்போது இரவு வரை உட்காருவோம். அதற்கு ஓவர்டைம் வாங்காமல் விட்டதில்லை. இப்போதும் நம் செக்யூரிட்டி ஒருவர் டபுள் டியூட்டி பார்த்தால் ஏஜென்சி பில்லில் அது தனியாக வருகிறது, பொருளாளர் கையெழுத்துப் போடுகிறார். கேட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு உள்ள கணக்கு, நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். தொழிற்சாலை என்றால், சட்டம் வகுத்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. வீடு தொழிற்சாலை இல்லை, அதனால் அந்தச் சட்டம் நம் வாசலுக்குள் வராது. வீட்டுவேலைக்குத் தமிழ்நாடு அரசு 2018-ல் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. வேலைத் திறனைப் பொறுத்து மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை. இதைக் காட்டி, "நாம்தான் அதற்கு மேலே கொடுக்கிறோமே" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. இதற்குக் கீழே போகாதே என்பதற்காகப் போட்ட கோடு அது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அரசு அதை மாதக் கணக்கோடு நிறுத்தாமல் மணிக் கணக்கிலும் சொல்லியிருக்கிறது. வீட்டுவேலையும் மணிக்கணக்கில் எண்ணக்கூடிய வேலைதான் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 189-ம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, ஆனால் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அதில் மூன்று விஷயம் நமக்குப் பயன்படும். வேலை நிபந்தனைகள் புரியும்படி, முடிந்தவரை எழுத்தில் இருக்க வேண்டும். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கருத வேண்டும்.

நம்மில் பலர் பேரப்பிள்ளை பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்கள். அங்கே நானி வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு கூலி, கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு அந்த விதி கிடையாது. ஆனால் நியூயார்க் மாநிலம் 2010-ல் தனிச்சட்டம் போட்டு, அவர்களுக்கும் 44 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு என்று வைத்தது. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் நானியின் நேரத்தை நிமிஷம் பிசகாமல் குறித்துக் கூலி கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். அதே பிள்ளைகள் விடுமுறைக்கு இங்கே வந்தால், "மொத்தமா ஒரு அமவுண்ட் பேசிடும்மா" என்கிறார்கள்.

இனி, நீங்கள் மனதில் வைத்திருக்கும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"குடும்பத்தில் ஒருத்தி மாதிரிதானே வைத்திருக்கிறோம்? சாப்பாடு, காபி, தீபாவளிப் புடவை எல்லாம் கொடுக்கிறோமே?" கொடுங்கள், நல்லது. ஆனால் புடவை அன்புக்குக் கொடுப்பது. கூலி நேரத்துக்குக் கொடுப்பது. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழிக்கக் கூடாது.

"குழந்தை மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குகிறது. அப்போது அவர் சும்மாதானே இருக்கிறார்?" இரவு இரண்டு மணிக்கு நம் கேட்டில் யாரும் வருவதில்லை. அதற்காகச் செக்யூரிட்டிக்கு அந்த ஒரு மணி நேரச் சம்பளத்தைப் பிடிக்கிறோமா? பிள்ளை எப்போது எழும் என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பதும் வேலைதான். அந்த நேரத்தில் பாத்திரம் தேய்த்தால் என்ன, துணி மடித்தால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும் நம் வழக்கம். குழந்தையின் துணி, குழந்தையின் பாத்திரம், குழந்தையின் சாப்பாடு, அதோடு நிறுத்த வேண்டும். வீட்டுவேலை வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

"சாயங்காலம் மூன்று மணி நேரம்தான் வேண்டும், மணிக்கு 60 என்று பெருக்கினால் போதாதா?" போதாது. மூன்று மணி நேரம், 26 நாள், 78 மணி. அறுபதால் பெருக்கினால் 4,680 ரூபாய். மூன்று மணி நேர வேலைக்கும் அவர் அதே தூரம் வந்து போகிறார். ஐந்திலிருந்து எட்டு வரை நம்மிடம் இருந்தால் வேறு எந்த வீட்டுக்கும் போக முடியாது. அதனால் பகுதி நேரத்துக்கு மணிக்கூலி முழுநாளை விடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். 90, 100 என்று கேட்டால் அது பேராசை இல்லை.

"ஒருத்தர் கூட்டிக் கொடுத்தால் எல்லோரும் கூட்ட வேண்டியிருக்கும்" என்பது அடுத்தது. உச்சவரம்பு கேட்கிறவர்களின் கவலை இதுதான். உங்களை ஒன்று கேட்கிறேன். நம் பிள்ளைகள் ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு 30 சதவீதம் கூட வாங்கிக்கொண்டு போனால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறோம். சிறுசேரியில் உள்ள கம்பெனிகள் எல்லாம் கூடி, "இதற்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை, ஒருவர் ஆளை இன்னொருவர் எடுப்பதில்லை" என்று தீர்மானம் போட்டால் நாம் சும்மா இருப்போமா? அவர்கள் இல்லாத கூட்டத்தில் உட்கார்ந்து அவர்கள் சம்பளத்துக்கு நாம் பூட்டுப் போடுவது நியாயமில்லை. மேலும், என் வீட்டுக் கதையில் உச்சவரம்பால் ஒன்றும் நடந்திருக்காது. அவர் போனது பணத்துக்காக இல்லையே.

கடைசிக் கேள்விதான் கடினமானது. "எங்களுக்கே வீட்டுக் கடன், ஸ்கூல் ஃபீஸ், மெயின்டனன்ஸ். எங்கே போவது?" இளம் பெற்றோர்களை நான் குற்றம் சொல்லவில்லை. குறிப்பாக மருமகள்களை இல்லை. மகனும் அதே நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருகிறான், அவனை யாரும் கேட்பதில்லை. ஆபீஸ் உங்களை ஏழு மணி வரை பிடித்து வைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தின் விலையைக் கடைசியில் பெரும்பாக்கத்துப் படிக்கட்டில் ஒரு சிறுமி கொடுக்கிறாள். முடியவில்லை என்றால் நேரத்தைக் குறைத்துப் பேசுங்கள். இரண்டு வீடு சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் இரண்டு குழந்தை என்பதால் சம்பளம் கூடத்தான் இருக்கும், ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக வைப்பதை விடக் குறையும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் ஆபீஸில் அது எங்கே என்று கேளுங்கள். என்ன செய்தாலும், கொடுக்க முடியாத நேரத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனவே உச்சவரம்புத் தீர்மானத்தைக் கைவிட்டு, அதற்குப் பதில் ஒரு பக்கப் படிவம் ஒன்றை அசோசியேஷன் தயாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டாயம் வேண்டாம். விருப்பமுள்ளவர்கள் பூர்த்தி செய்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். அதில் இருக்க வேண்டியவை என்று நான் நினைப்பது இவை.

ஒன்று, வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், வார விடுமுறை நாள்.

இரண்டு, மாதச் சம்பளமும், அதை மாத மணி நேரத்தால் வகுத்து வரும் மணிக்கூலியும். இரண்டையும் எழுத வேண்டும். மணிக்கூலி எழுதாத வரை ஓவர்டைம் கணக்குப் போட முடியாது.

மூன்று, கூடுதல் நேரம். பத்து நிமிடம் போகட்டும். அதற்கு மேல் அரை அரை மணியாக எண்ணி ஒன்றரை மடங்கு. இரவு எட்டுக்கு மேலும், விடுமுறை நாளிலும் இரண்டு மடங்கு. எட்டுக்கு மேல் ஆட்டோ செலவும் நம்முடையது. ஆறு மணிக்கு விட்டால் பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்ஸில் போகிறவர், இருட்டிய பிறகு ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசு கொடுக்கிறார். மணிக்கு 60 என்றால் அரை மணி ஓவர்டைம் 45 ரூபாய். நல்ல ஹோட்டலில் ஒரு ஃபில்டர் காபி விலை. ஆனால் அதைக் கொடுக்க ஆரம்பித்தால் நாமே கடிகாரம் பார்ப்போம்.

நான்கு, தாமதமாகும் என்றால் நான்கு மணிக்குள் போன் செய்து கேட்க வேண்டும். சொல்வதில்லை, கேட்பது. முடியாது என்று அவர் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது.

ஐந்து, சம்பளத்தோடு கூடிய லீவு வருடத்துக்கு 12 நாளாவது. நாம் ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டினால் அந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம். வர வேண்டாம் என்றது நாம்தானே.

ஆறு, அட்வான்ஸ் கொடுத்தால் மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதும், வேலையை நிறுத்த இரண்டு பக்கமும் ஒரு மாத முன்னறிவிப்பும்.

நேரத்தைக் குறிக்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒரு மாதக் காலண்டர் போதும். போகும் நேரத்தை அவரே எழுதட்டும். மாதக் கடைசியில் கேட் பதிவோடு ஒத்துப் பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்கான நல வாரியம் தமிழ்நாட்டில் 2007-லிருந்து இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து இவற்றுக்கு உதவித்தொகை உண்டு. நம் குடியிருப்புக்கு வேலைக்கு வருபவர்கள் பதிவு செய்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் உதவி முகாம் நடத்தலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.

கணக்குக்கு வருகிறேன். அந்த 31 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு போட்டால் 2,790 ரூபாய். அது ஒரு மாதத்துக்கு. மற்ற மாதங்களில் பதிவு உள்ளவற்றையும் கூட்டி, பிடித்த 1,077 ரூபாயையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு அவரிடம் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். கணக்குத் தாளைக் காட்டியதும் வாங்கிக்கொண்டார். திரும்ப எங்கள் வீட்டுக்கு வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்க உரிமை இல்லை என்று தோன்றியது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வேறொருவர் வருகிறார். ஆறு மணி அடித்தால் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிடுவார். மருமகள் வர நேரமானால், இந்த முட்டியோடு நான்தான் பேரன் பின்னால் அரை மணி ஓடுகிறேன். அவன் அதை விளையாட்டு என்று நினைக்கிறான். என் பிசியோதெரபிஸ்ட்டிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.



(ஆசிரியர் குழு: விவாதத்துக்குப் பின் உச்சவரம்புத் தீர்மானத்தை முன்மொழிந்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். மேலே சொன்ன ஒரு பக்கப் படிவம் அசோசியேஷன் அலுவலகத்தில் கிடைக்கும். நல வாரியப் பதிவு உதவி முகாமுக்குத் தன்னார்வலர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். கிளப் ஹவுஸ் ஏ.சி. சரிசெய்யப்பட்டுவிட்டது.)